ஷாப்ளி ருசிப்பு: 'கல் சுவை'யைப் பிடிக்கும் பயிற்சி

ஒயினில் 'மினரல்' என்று எதைச் சொல்கிறார்கள் எனப் பிடித்துப் பார்க்க ஷாப்ளியைவிடத் தோதான பாட்டில் கிடைப்பது கடினம். ஷாப்ளி ஒரு வெள்ளை ஒயின், அது விளையும் ஊரின் பெயரும் அதுவே: பிரான்சில் பர்கண்டியின் வடகோடி, செரேன் ஆற்றின் இரு கரை. திராட்சை ஷார்டனே மட்டும்தான். பெரும்பாலானவை எஃகுத் தொட்டியில் வளர்ந்தவை என்பதால் புது ஓக் பீப்பாயின் வெனிலா வாசனை குறுக்கே வராது.

இந்தச் சுற்றுக்கு எடுத்தவை மூன்று: பெட்டி ஷாப்ளி (Petit Chablis, அடிப்படைத் தரம்), அதற்கு மேலான சாதா ஷாப்ளி, மோந்தே தெ தொனேர் சரிவின் ப்ரீமியே க்ரூ (அதற்கும் மேலான தரம்). லெ க்ளோ, வால்மூர் போன்ற ஏழு கிராண் க்ரூ (உச்சத் தரம்) பகுதிகளைச் சேர்க்கவில்லை. அவற்றில் பல பீப்பாயைத் தொட்டவை, இளமையில் வாய் திறக்காதவை. பழகும் நாக்கைக் குழப்பும்.

முதலில் நாக்கைத் தயார் செய்ய வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் 1 கிராம் டார்டாரிக் அமிலம் (இல்லாவிட்டால் சிட்ரிக்). இன்னொரு லிட்டரில் 1 கிராம் உப்பு. மூன்றாவது, அதிகம் ஊறவிட்டு ஆறவைத்த கட்டன் சாயா. புளிப்பு கன்னத்தின் உட்புறத்தில் எச்சிலைச் சுரக்க வைக்கும். சாயா நாக்கை வறட்டும். உப்பு விழுங்கிய பிறகும் உதட்டில் நிற்கும். அடுத்து புளிப்புத் தண்ணீரையும் உப்புத் தண்ணீரையும் பாதிக்குப் பாதி கலந்து குடித்துப் பாருங்கள். 'மினரல்' என்று பலர் எழுதும் அந்தக் கடைசிச் சுவைக்கு இது மிக அருகில் வரும் என்பது எங்கள் முடிவு.

அப்படியானால் கல்? ஷாப்ளி சரிவுகளில் இருப்பது கிம்மரிட்ஜியன் என்ற நிலவியல் காலத்துச் சுண்ணாம்பும் களிமண்ணும். சுமார் 15 கோடி ஆண்டுக்கு முந்தைய கடல் அடித்தளம். கையில் எடுத்த கட்டியில் கமா வடிவச் சின்னஞ்சிறு சிப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். பெட்டி ஷாப்ளி பெரும்பாலும் மேட்டின் உச்சியிலுள்ள, அதைவிடச் சற்று இளைய போர்ட்லாண்டியன் சுண்ணாம்புக்கல்லில் விளைவது. ஆனால் சிப்பி ஒயினுக்குள் கரைந்து வருவதில்லை. வேர் உறிஞ்சும் தாதுக்கள் நாக்குக்குத் தெரியும் அளவை எட்டுவதில்லை என்று நிலவியலாளர் அலெக்ஸ் மால்ட்மன் தொடர்ந்து சொல்லிவருகிறார். நிலம் வேலை செய்வது வேறு வழியில்: தண்ணீர் வடிவது, வெயில் படும் கோணம், பழம் பழுக்கும் வேகம். குளிர்ந்த ஊரில் புளிப்பு நிற்கிறது, பழ வாசனை அடங்கியிருக்கிறது. அந்த இடைவெளியில் எழும் மணத்தைத்தான் கல் என்கிறோம்.

பாதிப் பேர் கோட்டை விடுவது சூட்டில்தான். ஃபிரிட்ஜிலிருந்து 4 டிகிரியில் எடுத்து ஊற்றினால் எலுமிச்சைத் தண்ணீர்போல இருக்கும், மணம் எதுவும் எழாது. பெட்டி ஷாப்ளிக்கு 8–9 டிகிரி, சாதாவுக்கு 10–11, ப்ரீமியே க்ரூவுக்கு 12 சரியாக அமைந்தது. 15ஐத் தாண்டினால் ஆல்கஹால் மூக்கில் ஏறும், வெடுக்கு போய்விடும். ஒரு கிளாஸில் 50 மில்லிக்கு மேல் ஊற்றாதீர்கள். வெதுவெதுப்பான அறையில் அது நிமிடங்களில் சூடேறிவிடும். பாட்டில் பாதி ஐஸும் பாதி தண்ணீரும் உள்ள வாளியில் இருக்கட்டும். வெறும் ஐஸ் போட்டால் கட்டிகளுக்கு நடுவே காற்று நிற்கும், குளிர்வது தாமதமாகும். அதே கிளாஸை 8, 10, 12 என மூன்று முறை மோந்து எழுதிவைப்பதுதான் இதில் அதிகம் கற்றுத்தரும் வேலை. மோந்தே தெ தொனேரில் 8 டிகிரியில் பச்சை ஆப்பிள் மட்டும். 12இல் எலுமிச்சைத் தோல், சுண்ணாம்புப் பொடி, விழுங்கிய பின் நீளும் உப்பு.

கல் என்று நினைத்து ஏமாறும் இடங்கள் உண்டு. ஈரமான அட்டைப்பெட்டி வாசனை வந்தால் அது கல் அல்ல, கார்க் கெட்டது (டிசிஏ என்ற சேர்மத்தின் வேலை). லேசாக இருக்கும்போது வாசனை தெரியாமல் பழத்தை மட்டும் அமுக்கிவிடும், 'எவ்வளவு மினரல்!' என்று பாராட்டிவிடுவோம். சந்தேகம் வந்தால் அதே ஒயினின் இன்னொரு பாட்டிலைத் திறந்து பக்கத்தில் வையுங்கள். தீக்குச்சி கிழித்த வாசனை கந்தகச் சேர்மங்களால் வருவது. சுழற்றினால் சில நிமிடத்தில் அடங்கினால் பரவாயில்லை. அழுகிய முட்டை வாசனை அடங்காமல் நின்றால் அந்தக் கிளாஸில் மட்டும் தேய்த்துக் கழுவிய செம்புத் துண்டு போட்டுப் பார்க்கலாம். வாசனை போனால் குற்றவாளி ஹைட்ரஜன் சல்ஃபைடு போன்ற கந்தகச் சேர்மம். சோதித்த ஒயினைக் கொட்டிவிடுங்கள். அடியில் படியும் கண்ணாடித் துகள் போன்றவை டார்ட்ரேட் படிகங்கள், கெடுதல் இல்லை. கிளாஸைத் துடைத்த துணியின் சோப்பு மணம் சின்ன விஷயம்போலத் தோன்றும். ஷாப்ளியை அது ஒன்றே கொன்றுவிடும்.

குறிப்பேட்டில் அறுவடை ஆண்டு கட்டாயம். 2018 வெயில் ஆண்டு, பீச் பழச் சாயல், புளிப்பு தளர்வு. 2021 ஏப்ரலில் பனி மொட்டுகளைக் கருக்கியது. மெழுகுத் தீ ஏற்றியும், தண்ணீர் தெளித்து மொட்டைப் பனிக்கட்டிக்குள் பூட்டியும் மிஞ்சியதைக் காத்தார்கள். தண்ணீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம் மொட்டைக் காக்கும். அந்த ஆண்டு ஒயின் பல் கூசும் அளவு கூர்மை. இரண்டு ஆண்டுகளையும் கலந்து ஒப்பிட்டால் நிலத்தின் வேறுபாடு எங்கே தெரியப்போகிறது?

துணைக்குப் பச்சைச் சிப்பி, எலுமிச்சை பிழியாமல். பிழிந்தால் ஒயினின் புளிப்பு தட்டையாகிவிடும். மிளகாய்க் காரம் அறவே வேண்டாம்.

அடுத்த சுற்றில் ஒரே ஆண்டு, ஒரே தயாரிப்பாளர்: செரேனின் வலக்கரையின் ஃபூர்ஷோம், இடக்கரையின் வாயோன் என்ற இரு ப்ரீமியே க்ரூக்களும் அருகருகே.