ஒருமுறை திறந்த கதவு

புதிர் விளையாட்டுகள் உருவாக்கும் சிறு நிறுவனம் ஒன்றில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அங்கே நான் அமைத்த கற்கதவு ஒன்றுக்கு மூன்று வாரம் பிடித்தது. அட்டையில் சக்கரங்களை வெட்டி, நடுவில் குண்டூசி குத்தி, குறிகள் பொருந்துகின்றனவா என்று சுழற்றிச் சுழற்றிப் பார்த்த பிறகே கணினிக்குக் கொண்டுபோனேன். சோதனைப் பிரிவுப் பெண் நாற்பது நிமிடத்தில் அதைத் திறந்துவிட்டாள். "நன்றாக இருக்கிறது அண்ணா, அடுத்தது எங்கே?" என்றாள்.

அப்போதெல்லாம் எனக்கு 'ஊரு' நினைவுக்கு வரும். 1993இல் 'மிஸ்ட்' என்ற கணினிப் புதிர் விளையாட்டைத் தந்து லட்சக்கணக்கானோரைப் புதிரின் முன் உட்காரவைத்த சையான் நிறுவனம், அமெரிக்காவின் ஸ்போகேன் நகருக்கு அருகிலிருந்து செய்த இணைய விளையாட்டு அது. அதற்குள் வழங்கும் கற்பனை மொழியில் 'ஊரு' என்றால் மக்கள் கூட்டம். நம் ஊருக்கு எத்தனை நெருக்கம்! தனித்தனியே விடை தேடியவர்களைப் பாதாள நகரம் ஒன்றில் கூட்டி, சந்தா வாங்கி, புதுப்புது உலகங்களைத் தந்துகொண்டே இருப்பது திட்டம்.

2003 நவம்பரில் தனியாக ஆடும் பகுதி விற்பனைக்கு வந்தது. இணையப் பகுதி முன்னோட்டத்தைத் தாண்டவே இல்லை. போதிய சந்தாதாரர்கள் சேர மாட்டார்கள் என்று 2004 பிப்ரவரியில் மூடிவிட்டார்கள். 2007இல் கேம்டேப் என்ற இணைய விளையாட்டுச் சேவை வழியாக மறுபடி வந்தது, அடுத்த ஆண்டே நின்றது.

செய்தவர்களின் திறமையில் குறை சொல்பவர்களை நான் ஏற்பதில்லை. சண்டை விளையாட்டில் அதே அரக்கனை நூறு முறை வெட்டலாம். விடை தெரிந்த கதவின் முன் இரண்டாம் முறை நிற்க ஒன்றுமில்லை. செய்பவருக்கு மாதக்கணக்கில் உழைப்பு, ஆடுபவருக்கு ஒரு மாலைப்பொழுது. எந்தச் சந்தாவாலும் இந்த இடைவெளியை நிரப்ப முடியாது. எங்கள் வேலையும் இதே இடத்தில்தான் முட்டி நின்றது.

2010 முதல் 'ஊரு' இலவசமாக, ஆடுபவர்களின் நன்கொடையில் ஓடுகிறது. சென்ற மாதம் நுழைந்து பார்த்தேன். மேகங்களுக்கு மேலே அதே சிறு தீவு, அதே குடிசை. உள்ளே அலமாரியில் இருக்கும் புத்தகத்தை எடுத்து, பக்கத்தில் அசையும் படத்தைத் தொட்டால் அந்த உலகத்தில் போய் நிற்கலாம். இப்போது அங்கே ரசிகர்கள் தாங்களே உருவாக்கிய உலகங்களும் சேர்ந்திருக்கின்றன. ஒன்றுக்குள் போனவன் வெளியே வர நள்ளிரவாகிவிட்டது.