செவ்வாயில் ஆடிய குஞ்சலம்

செவ்வாய் கிரகத்தில் காற்றை அளக்க ஏதோ பெரிய இயந்திரம் அனுப்பியிருப்பார்கள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். 2008இல் அங்கே வடதுருவப் பக்கம் இறங்கிய ஃபீனிக்ஸ் விண்கலத்தில் இருந்ததோ ஒரு குஞ்சலம்! கம்பத்து உச்சியில் கெவ்லர் என்ற உறுதியான செயற்கை இழையில் தொங்கும், எடையே தெரியாத சின்னக் குழாய். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தில் செய்தது. காற்றடித்தால் ஆடும், கேமரா படமெடுக்கும். எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க அடியில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி வேறு. அங்கே காற்றழுத்தம் பூமியில் உள்ளதில் 1 சதவீதம்கூட இல்லை, அதனால்தான் அவ்வளவு லேசாகச் செய்ய வேண்டியிருந்தது.

அப்புறம் 2012இல் க்யூரியாசிட்டி ஊர்தி அங்கே போய் இறங்கியது. அதிலிருந்த காற்றுமானிகளில் ஒன்று இறங்கும்போதே பழுது. கல் தெறித்துப் பட்டிருக்கலாம் என்கிறார்கள். பாவம்!