அப்பாவின் ஹெரால்டு: பெயிண்டுக்கு முன்னால் பேப்பரைப் பாருங்கள்

"இந்த நம்பர் சிஸ்டத்துல இல்லீங்க. சிஸ்டத்துல இல்லேன்னா வண்டியே இல்லேன்னுதான் அர்த்தம்."

வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் ஒன்றின் கவுன்டரில் இதைக் கேட்டு நின்றேன். அப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் அன்றைக்குப் புது பெயிண்டோடு பட்டறையில் நின்றுகொண்டிருந்தது. ஐந்தரை லட்சம் செலவாகியிருந்தது. அந்த வண்டிதான் இல்லை என்கிறார்கள். பதில் சொல்ல வாய் வரவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தபோது கை நடுங்கியது.

2022 ஜூனில் தொடங்கி 2024 பிப்ரவரியில் வேலை முடிந்தது. இருபது மாதத்தில் இரும்பு வேலைக்கு ஆனது ஏழே மாதம். மிச்சம் முழுக்க பேப்பருக்கு. நான் செய்த ஒரே பெரிய தப்பு, முதலில் பட்டறைக்கும் அப்புறம் ஆபீசுக்கும் போனதுதான். அப்பா வண்டியையோ தாத்தா வண்டியையோ கொட்டகையில் மூடி வைத்திருப்பவர்கள் அதே தப்பைச் செய்யாமல் இருக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அப்பா கால்நடை மருத்துவர். ஊர் டெல்டா பக்கம். ராத்திரி பத்து மணிக்கு எந்த ஊரில் பசு கன்று போட முடியாமல் தவித்தாலும் இந்த வண்டியில்தான் போவார். 1969 மாடல், மார்க் 3. பார்வை மங்கிப்போனதும் 2003இல் மாட்டுக் கொட்டகையில் ஏற்றி நிறுத்தினார். 2016இல் காலமானார். வண்டியை விற்கச் சொல்லி வந்தவர்களை அம்மா வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்.

ஹெரால்டு நம்ம ஊர் வண்டி. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டை, 1961லிருந்து மெட்ராசில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் வண்டலூர்ப் பக்கம் இருந்த ஆலையில் செய்தது. 948 சி.சி. என்ஜின், பாடிக்குக் கீழே தனிச் சேசிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டம். பானட்டும் இரண்டு மட்கார்டும் ஒன்றாகச் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும். முன் சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே என்ஜின் வேலை பார்க்கலாம். இங்கிலாந்தில் கடைசி வரை இரண்டு கதவு வண்டிதான். 1968இல் இந்தியாவுக்கென்றே நான்கு கதவு வைத்து மார்க் 3 கொண்டுவந்தார்கள். என்னைப் பாடாய்ப் படுத்தியது அந்தப் பின் கதவுகள்தான்.

என்ஜின், கியர்பாக்ஸ், பிரேக் பிரச்சினை இல்லை. இங்கிலாந்தில் இன்றைக்கும் ஹெரால்டு பிரியர்கள் நிறைய இருப்பதால் உதிரிபாகம் புதிதாகவே கிடைக்கிறது. இங்கே மட்டும் விற்ற பின் கதவுக்கு மட்டும் உலகத்தில் எங்கேயும் எதுவும் கிடையாது. எங்கள் வண்டியின் இடது பின் கதவு அடிப்பக்கம் முழுக்கத் துரு, விரல் வைத்தால் உள்ளே போனது. சென்னை புதுப்பேட்டையில் பழைய உதிரிபாகக் கடைகளில் இரண்டு சனிக்கிழமை அலைந்தேன். மூன்றாவது வாரம் ஈரோட்டுப் பக்கம் ஒருவர், "ஹெரால்டு டோர் இருக்குங்க, வந்து எடுத்துக்கங்க" என்றார். போட்டோ கேட்டேன், "நேர்ல வந்து பாருங்க" என்றார். ராத்திரி பஸ் பிடித்துப் போனால், அது இரண்டு கதவு வண்டியின் கதவு. நீளமே ஒரு ஜாண் அதிகம். வெறுங்கையோடு திரும்பினேன். போட்டோவும் அளவும் வராமல் உதிரிபாகத்துக்காக ஊர் தாண்டாதீர்கள். கடைசியில் பட்டறை டிங்கர் அண்ணன் பழைய கதவையே அட்டையில் அச்செடுத்து, கீழ்ப்பாதியைப் புதுத் தகட்டில் தட்டி ஒட்டவைத்தார். ஒன்பது நாள் வேலை. இணைப்பு எங்கே இருக்கிறதென்று இன்று வரை என்னாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

பட்டறையில் நடந்த இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஹெரால்டின் முன் சக்கரம் திரும்பும் இடத்தில், கீழே, டிரன்னியன் என்று வெண்கலத்தில் ஒரு மூட்டு இருக்கிறது. மேலிருந்து வரும் தண்டு மரை போட்டு அதற்குள் இறங்கும். அதற்கு கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் அடித்தால் மரைக்குள் சரியாக இறங்காது. உள்ளே தண்ணீர் தங்கித் துருப்பிடித்து ஒருநாள் தண்டு முறியும், சக்கரம் மடங்கிவிடும். எங்கள் வண்டிக்கு யாரோ வருஷக்கணக்கில் கிரீஸ்தான் அடித்திருக்கிறார்கள். இரண்டும் போயிருந்தன. இங்கிலாந்திலிருந்து இரண்டு வரவழைத்தேன். இரண்டு பக்கமும் ஒன்றுதானே என்று ஒரே நம்பரில் இரண்டு போட்டுவிட்டேன். ஒரு பக்கம் வலது மரை, மறுபக்கம் இடது மரை! திரும்ப ஒன்று வரவழைக்க ஐந்து வாரம். பொருளின் விலையில் முக்கால் பங்கு சுங்கத்துக்கும் கூரியருக்கும் போனது. எந்த உதிரிபாகமானாலும் பக்கம் பார்த்து ஆர்டர் போடுங்கள்.

என்ஜின் வேலை பார்த்தவர் எழுபது வயது தாண்டிய மெக்கானிக். ஹெரால்டு புதிதாக வந்த காலத்திலிருந்து பார்த்தவர். "அம்மாடி, ரப்பர் எல்லாத்தையும் தூக்கிப் போட்ரு, இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் இருக்கு, பழைய ரப்பர அரிச்சிரும்" என்றார். டேங்க் கழுவி, பெட்ரோல் பைப், பம்ப் டயாஃபிரம், கார்புரேட்டர் வாஷர் எல்லாம் மாற்றினோம். என்ஜின் முதல் நாளே பிடித்தது.

இப்போது பேப்பர் கதைக்கு வருகிறேன்.

வாரிசுச் சான்றிதழ் இ-சேவையில் விண்ணப்பித்து வந்துவிட்டது. மஸ்கட்டில் இருக்கும் அண்ணனின் சம்மதப் பத்திரம் தூதரக முத்திரையோடு வந்தது. அம்மா கையெழுத்துப் போட்டார். இறந்தவர் வண்டியைப் பெயர் மாற்றப் படிவம் 31, பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25. எல்லாம் சரியாக வைத்துக்கொண்டுதான் கவுன்டருக்குப் போனேன். அங்கேதான் வண்டியே இல்லை என்றார்கள்.

விஷயம் இதுதான். எங்கள் ஆர்.சி. பழைய காகிதப் புத்தகம். வட்டார அலுவலகத்துக்கு ஒரு எண் வருவதற்கு முந்தைய மூன்றெழுத்துப் பதிவு. கணினிக்கு மாற்றும்போது ஓடாமல் கிடந்த வண்டிகள் விடுபட்டுப் போயின. முதலில் பதிவு செய்த அலுவலகத்தின் பேரேட்டைப் பார்த்து அதைக் கணினியில் ஏற்ற வேண்டும். 'பேக்லாக் என்ட்ரி' என்பார்கள். அந்தப் பேரேடு எங்கே? பழைய தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து 1991இல் நாகப்பட்டினம் பிரிந்தது, 1997இல் திருவாரூர் உருவானது. எந்தப் பேரேடு எங்கே போனது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. முதல் அலுவலகம் இரண்டாவதுக்கு அனுப்பியது, இரண்டாவது மூன்றாவதுக்கு. ஓர் அலுவலகத்தில் என் மனுவை வாங்காமலே, "வீட்டுக்காரர் வரலையா? அவரைக் கூட்டிட்டு வாங்க" என்றார் எழுத்தர். வாரிசு நான், விண்ணப்பதாரர் நான், கையில் சான்றிதழ் இருக்கிறது. அந்த வார்த்தை இன்னமும் எனக்கு ஆறவில்லை.

அன்றைக்கு ஒன்று புரிந்தது. வாய்மொழியாகக் கேட்டால் வாய்மொழியாகத்தான் பதில் வரும். அடுத்த வாரம் மூன்று அலுவலகத்துக்கும் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் அனுப்பினேன். அப்புறம் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரே ஒரு கேள்வி: இந்தப் பதிவெண்ணுக்கான பேரேடு தற்போது எந்த அலுவலகத்தின் பொறுப்பில் உள்ளது? இருபத்தாறாவது நாள் பதில் வந்தது. முதல் நாளே இல்லை என்று சொன்ன அலுவலகத்தில்தான் இருந்தது. போய்க் கேட்டபோது பதிவறை உதவியாளர் ஒருவர் பொறுமையாகத் தேடி எடுத்துக் கொடுத்தார். சிவப்புத் துணி கட்டிய நீளப் பேரேடு. அப்பா பெயர், தாத்தா பெயர், எங்கள் தெருப் பெயர், ஊதா மையில் முத்து முத்தான கையெழுத்து. அந்தப் பக்கத்தைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். "பாருங்கம்மா" என்று நகர்ந்து நின்றார்.

கணினியில் ஏறிவிட்டது என்று நிம்மதியாக இருந்தால், ஆய்வு நாளில் அடுத்த இடி. மோட்டார் வாகன ஆய்வாளர் இளைஞர், ஹெரால்டை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறாராம். ஆசையாகச் சுற்றி வந்தார். பானட்டைக் கவிழ்த்து நம்பரை ஒப்பிட்டார். சேசிஸ் நம்பர் சரி. என்ஜின் நம்பர் வேறு. "வேற என்ஜின் போட்டிருக்கீங்களே மேடம், ஆர்.சி.யில ஏத்தலையே" என்றார். எனக்கு ஒன்றுமே தெரியாது. அப்பா எப்போது மாற்றினார்? யாரிடம் வாங்கினார்? பில் இல்லாவிட்டால் திருட்டு என்ஜின் என்று சந்தேகப்படலாம். சட்டப்படி ஆய்வாளர் கேட்டது நியாயம்தான்.

ஊருக்குப் போய் மூன்று நாள் தேடினேன். அப்பாவுக்கு ஒரு பழக்கம், எந்த ஊரில் எந்த மாட்டுக்கு என்ன மருந்து என்று நோட்டில் எழுதிவைப்பார். அதன் கடைசிப் பக்கங்களில் பெட்ரோல் கணக்கும் இருக்கும். இருபத்தெட்டு நோட்டு. 1984ஆம் வருஷத்து நோட்டில், சினை ஊசிக் கணக்குக்கும் கோமாரித் தடுப்பூசிப் பட்டியலுக்கும் நடுவில், குண்டூசி குத்திய மஞ்சள் காகிதம் ஒன்று. குண்டூசி துருப்பிடித்துக் காகிதத்தில் பழுப்பாக வட்டம் விழுந்திருந்தது. பழைய என்ஜின் ஒன்றை வாங்கி மாற்றியதற்கான பில். என்ஜின் நம்பர் முழுசாக எழுதி, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, கையெழுத்தோடு. திண்ணையில் உட்கார்ந்தபடியே அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து வாசித்துவிட்டு, "ஆமா, அந்த வருஷம் தீபாவளிக்குத் துணி எடுக்கல" என்றார்.

பில், பிரமாணப் பத்திரம், அந்த என்ஜின் மேல் திருட்டு வழக்கு இல்லை என்ற காவல்துறை அறிக்கை மூன்றும் கொடுத்தேன். என்ஜின் மாற்றத்தை ஏற்றிக்கொண்டார்கள். அந்த இளம் ஆய்வாளர் இரண்டாம் முறை எங்களைக் காத்திருக்க வைக்கவே இல்லை, அவருக்கு நன்றி. பதிவுப் புதுப்பிப்புக்கு அப்போது 5,000 ரூபாய், அதற்கு மேல் தாமதக் கட்டணமும் பசுமை வரியும். இருபது வயது தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டிலிருந்து அந்த 5,000 என்பது 10,000 ஆகிவிட்டது. காலம் கடத்தாதீர்கள்.

நடுவில் ஒரு புரோக்கர், "வண்டி ஐம்பது வருஷம் தாண்டிடுச்சு, விண்டேஜ்ல போட்டுடலாம், ஒரே நாள் வேலை" என்று ஆசை காட்டினார். 2021இல் வந்த விதிப்படி ஐம்பது வருஷம் தாண்டிய வண்டியை விண்டேஜாகப் பதியலாம் என்பது உண்மை. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது மாதிரியான காரணங்களுக்குத்தான் சாலையில் இறக்கலாம். புரோக்கர் இதைச் சொல்லவே மாட்டார். அப்பா தினமும் ஓட்டிய வண்டி, அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப் போக வேண்டும் என்பதற்காகவே நான் சாதாரணப் பதிவையே பிடித்துக்கொண்டேன்.

இன்னும் இரண்டு விஷயம். பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே சேசிஸ் நம்பர், என்ஜின் நம்பர் இரண்டையும் பென்சில் தேய்த்துக் காகிதத்தில் அச்சு எடுத்து வையுங்கள். எங்கள் பட்டறையில் என்ஜின் பிளாக் மேல் தடிமனாக பெயிண்ட் அடித்து நம்பரையே மறைத்துவிட்டார்கள், ஆய்வுக்கு முந்தின ராத்திரி தின்னரும் பழந்துணியுமாக நான்தான் சுரண்டினேன். அதோடு, பிரிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு மூலையையும் போட்டோ எடுங்கள். நான் எடுக்காமல் விட்டது பின் கதவின் உட்பக்கம். திரும்பப் பூட்டும்போது கண்ணாடியைத் தாங்கும் ரப்பர் ஒன்று காணாமல் போயிருந்தது.

அந்த ரப்பர் இன்னும் கிடைக்கவில்லை. மார்க் 3 பின் கதவு ரப்பர் யாரிடமாவது இருந்தால், கிழிந்ததாக இருந்தாலும் பரவாயில்லை, அச்சு எடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுகிறேன். அதுவரை மழை வந்தால் அம்மா அந்த இடத்தில் துண்டை மடித்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்து வருகிறார்.