ஞானக்கண்

தமிழ் படிப்பித்த சேர் காலமான செய்தி வாட்ஸ்அப்பில் வந்தபோது, ஸ்காபரோவில் வீட்டு வாசலில் பனி வழித்துக்கொண்டிருந்தேன். குழுவில் ஒருவன் அனுதாபத்துக்கு முதலே கேட்டிருந்தான்: "ஞானக்கண்ணுக்குச் சொல்லியாச்சோ?"

என் வகுப்பாருக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

1984. உயர்தர வகுப்பு, சாப்பாட்டு மணிக்குப் பிந்திய தமிழ்ப் பாடம். சிறுகதை எழுதிவரச் சொல்லியிருந்தார். 'நான்' என்று தொடங்கி, ஊரை விட்டுப் போகும் பெடியனின் கதையை எழுதினேன். யாழ்தேவி ரயில் ஆனையிறவு தாண்டும் நேரம், தாய் அடுப்புப் புகையைச் சாட்டி அழுகிறாள். அந்த வரியில் எனக்கே கண் கலங்கியது.

சேர் உரக்க வாசித்துக்கொண்டு போய், சரியாக அந்த வரியில் கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி ஆனையிறவிலை. அம்மா அடுப்படியிலை. அவ அழுததை ஆர் கண்டது? உமக்கென்ன ஞானக்கண்ணோ?"

நாற்பது வருடமாகிறது. ஒன்றுகூடலில் கொத்துரொட்டி வரிசையில் நின்றாலும் அந்தப் பெயர்தான்.

அடுத்த நாள் புதுமைப்பித்தனோடு வந்தார். 1943இல் கலைமகளில் வெளியான 'சாபவிமோசனம்'. அகலிகை கல் நீங்கி எழுந்ததும் கம்பனுக்கு மிதிலைக்குப் போகிற அவசரம். ராமனோடு நடையைக் கட்டிவிடுகிறான். புதுமைப்பித்தன் எழுந்தவளோடு தங்கிவிடுகிறார். அதனால்தான் சீதை தீக்குளித்த கதையை அகலிகை கேட்கும்போது நமக்கும் சுடுகிறது. அவள் திரும்பக் கல்லாவதும் விளங்குகிறது. "கதை அதுதான். நிண்டு பாக்கிற இடம்தான் வேறை" என்றார். அங்கே கதை சொல்கிறவர் அகலிகைக்குள்ளும் போவார், கோதமனுக்குள்ளும் போவார். 'நான்' என்று தொடங்கினவனுக்கு அந்தச் சலுகை கிடையாது, தன் கண்ணுக்கு எட்டினதுதான்.

கொப்பியைத் திருப்பித் தந்தபோது மெதுவாகச் சொன்னார்: "பெடியனை விடும். தாய்க்குப் பக்கத்திலை நிண்டு எழுதிக்கொண்டு வாரும்."

எழுதவில்லை. ரோசம். 1986இல் நானே புறப்பட்டுவிட்டேன், யாழ்தேவியில் அல்ல, பஸ்ஸில். சேருக்கு ஒரு கடிதம்கூடப் போடவில்லை.

அம்மா காலமாகி, அந்தியேட்டிச் சடங்குக்கும் போக முடியாதிருந்த வருடம், தங்கச்சி தொலைபேசியில் சொன்னாள்: "நீங்கள் போன அண்டைக்கு அம்மா அழயில்லை அண்ணா. உங்கடை சைக்கிளைத் துடைச்சு விறாந்தையிலை ஏத்தி வைச்சவ. பிறகு வெள்ளிக்கு வெள்ளி ரண்டு சில்லுக்கும் காத்தடிக்கிறவ."