மாமா திருப்பி வைத்த தாள்

ஆதரவற்ற விதவைச் சான்று கைக்கு வர எனக்கு 11 மாதம் ஆனது. அதை வைத்து எழுதிய பரீட்சை மூன்றே மணி நேரம். அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு பற்றி என்னிடம் கேட்பவர்கள் அந்த மூன்று மணி நேரத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எந்தப் புத்தகம் படிச்சீங்க, காலையில எத்தனை மணிக்கு எழுந்தீங்க என்று. நான் அந்த 11 மாதத்தில் ஆரம்பித்தால் பாதியிலேயே போனை வைத்துவிடுகிறார்கள். அதனால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எங்கள் வீடு குடியாத்தத்தில், கௌண்டன்யா ஆற்றுக்குக் கிட்டத்தில். மாமா, அதாவது என் வீட்டுக்காரரின் அப்பா, கைத்தறியில் லுங்கி நெய்தவர். கண் மங்கியதும் தறியை விட்டுவிட்டார். அத்தையும் நானும் பீடி சுற்றினோம். 2019 ஆகஸ்ட்டில் என் வீட்டுக்காரர் பைக் விபத்தில் போய்விட்டார். மகளுக்கு அப்போது ஆறு வயது. அம்மா வீட்டுக்கு வந்துவிடு என்று என் அண்ணன் கூப்பிட்டார். அவருக்கே மூன்று பிள்ளைகள். நான் போகவில்லை.

குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பே போதும் என்று தெரு முனையில் இருக்கும் அக்கா ஒருவர்தான் சொன்னார். நான் படித்ததும் அவ்வளவுதான். ஆனால் எப்போது படிப்பது? 25 பீடி ஒரு கட்டு, 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம். ஆயிரம் சுற்ற எனக்குப் பத்து மணி நேரம் ஆகும். இதில் இலையை நனைத்து அளவுக்கு வெட்டுகிற நேரம் தனி. முறத்தை மடியில் வைத்துவிட்டால் கை ஓயாது. ஆனால் காது சும்மாதானே இருக்கிறது? மகளை எதிரில் உட்கார வைத்து ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைப் படிக்கச் சொன்னேன். அவள் எழுத்துக் கூட்டிப் படிப்பாள், நான் திருப்பிச் சொல்வேன். அவள் இரண்டாம் வகுப்பு முடிப்பதற்குள் எனக்காகப் பத்தாம் வகுப்புப் பாடம்வரை வாசித்துவிட்டாள். பள்ளியில் கேட்டால் புறநானூறு சொல்வாளாம், வாய்ப்பாடு சொல்ல மாட்டாளாம்.

வாய்ப்பாடு எனக்கும் வராது. கணக்குப் பகுதியில் ‘காலமும் வேலையும்’ என்று ஒன்று வரும். அதை அத்தையை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். எனக்கு ஆயிரத்துக்குப் பத்து மணி நேரம், அத்தைக்குப் பதினைந்து. இருவரும் சேர்ந்து சுற்றினால்? பத்தில் ஒன்றும் பதினைந்தில் ஒன்றும் கூட்டினால் ஆறில் ஒன்று, ஆக ஆறு மணி நேரம். அத்தையிடம் சொன்னேன். “எல கிழிசலா வந்தா அந்தக் கணக்கு இன்னா பண்ணும்?” என்றார். இன்றுவரை பதில் கிடைக்காத கேள்வி அது.

2021 நவம்பரில் மோர்தானா அணை நிரம்பி ஆற்றில் வெள்ளம் வந்தது. எங்கள் வீட்டில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். பீடி இலை மூட்டை போனதுதான் பெரிய நஷ்டம், அதற்குக் கடன் ஏறியது. புத்தகங்கள் ஊறிப்போய் ஒட்டிக்கொண்டன. மாமா பழைய தறிக் கயிற்றைக் கட்டி, பாவு காய வைப்பதுபோல் ஒவ்வொரு புத்தகமாகப் பிரித்துத் தொங்கவிட்டார். எட்டாம் வகுப்பு சமூக அறிவியல் மட்டும் தேறவில்லை.

2022 ஜூலை 24-ல் முதல் தடவை எழுதினேன். 7,301 இடங்களுக்குச் சுமார் 22 லட்சம் பேர் விண்ணப்பித்த வருடம் அது. 200 கேள்வி, 300 மதிப்பெண். நூறு கேள்வி தமிழ், அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள். தெரியாத கேள்விக்கு ‘இ’ என்ற ஐந்தாவது வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும், சும்மா விடக் கூடாது. கடைசியில் எத்தனை ‘ஏ’, எத்தனை ‘பி’ என்று எண்ணி எழுத வேண்டும். கட்டு எண்ணிப் பழகிய எனக்கு அது மட்டும் சுலபமாக இருந்தது. விடைக்குறிப்பு வந்ததும் பார்த்தேன்: தமிழில் 74, பொது அறிவில் 38, கணக்கில் ஆறு. 118 கேள்வி, 177 மதிப்பெண். கூப்பிடவில்லை.

அப்புறம்தான் அந்த அக்கா கேட்டார், “டி.டபிள்யூ. போட்டியா?” என்று. டி.டபிள்யூ. என்றால் ஆதரவற்ற விதவை. பெண்களுக்கான 30 சதவீத இடத்தில் 10 சதவீதம் அவர்களுக்கு. கோட்டாட்சியர் சான்று வேண்டும். எல்லா வழியிலும் சேர்த்து மாத வருமானம் 4,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

2023 ஜனவரியில் இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தேன். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, ரேஷன் அட்டை எல்லாம் ஏற்றியாயிற்று. ஒரு மாதம் கழித்து விசாரணைக்கு வந்தார்கள். நான் பீடி போடப் போயிருந்தேன். மாமாதான் திண்ணையில் இருந்தார். “இந்தம்மாவுக்கு ஆதரவு யாராச்சும் இருக்காங்களா?” என்று கேட்டிருக்கிறார்கள். மாமா எழுந்து நின்று, “நாங்க இருக்கோமே சார்!” என்று சொல்லிவிட்டார்.

மனு நிராகரிக்கப்பட்டது.

நான் அன்று மாமாவிடம் கத்தினேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவரிடம் குரல் உயர்த்தியதில்லை. அவர் கோபப்படவில்லை. “நானும் உங்கத்தையும் உசுரோட இருக்கும்போது நீ இன்னாத்துக்கும்மா ஆதரவில்லாதவ? ஊர்ல நாலு பேர் கேட்டா இன்னா நெனப்பான்?” என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவர்கள் கேட்பது வருமானத்தை, ஆளை இல்லை என்று விளக்க எனக்கே நான்கு நாள் பிடித்தது. கடைசியில், “சரி, கவர்மெண்டு பாஷ வேற போலக்குது” என்று ஒத்துக்கொண்டார்.

இரண்டாவது மனுவில் வாரிசுச் சான்றில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்று திருப்பினார்கள். இனிஷியல் என் அப்பாவுடையதா, வீட்டுக்காரருடையதா என்பது சிக்கல். அதைத் திருத்த மூன்று மாதம். ஓர் அலுவலகத்தில் ஒருவர், “இதுக்கு எத்தன தடவ வருவீங்க? வேற கல்யாணம் பண்ணிக்கலாமே” என்றார். பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். அன்று சுற்றிய பீடியில் பாதி கழிவாகப் போனது. மூன்றாவது மனுவுக்கு விசாரணை வந்தபோது மாமா, தனக்கு முதியோர் உதவித்தொகை தவிர வேறு வருமானம் இல்லை, மருமகளுக்குப் பணம் தர வழியில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கையெழுத்துப் போட்டதும் எழுந்து ஆற்றுப் பக்கம் போய்விட்டார். சாப்பிட வரவில்லை.

டிசம்பரில் சான்று வந்தது. 2024 ஜனவரியில் அறிவிப்பு. தமிழ்வழிச் சான்றும் வாங்கினேன், 20 சதவீத ஒதுக்கீட்டுக்கு. ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழில் படித்ததாகக் காட்ட வேண்டும். நல்லவேளை, நான் படித்த இரண்டு பள்ளியிலும் பழைய பதிவேடு பத்திரமாக இருந்தது.

இந்தத் தடவை கணக்கை மட்டும் ஆறு மாதம் போட்டேன். வேலூர் புரட்சியில் எப்போதும் தடுமாறுவேன்: 1806 ஜூலை 10, கவர்னர் பெண்டிங், தளபதி கிரடாக், ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்தவர் கில்லஸ்பி. எத்தனையோ தடவை கோட்டை வாசல் வழியாக பஸ்ஸில் போயிருக்கிறேன், இந்தப் பெயர்கள் மட்டும் நிற்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு கோட்டைக்குள் போய் மதிலைச் சுற்றி நடந்துகொண்டே சொல்லிப் பார்த்தேன். அப்புறம் மறக்கவில்லை. இப்போது நான் இளநிலை உதவியாளராக ராணிப்பேட்டைக்குப் போகிற பஸ்ஸும் கோட்டையைத் தாண்டித்தான் போகிறது. கில்லஸ்பி வந்த வழியில், எதிர்த்திசையில்.

ஜூன் 9-ல் எழுதினேன். 161 சரி. அக்டோபரில் முடிவு வந்தது, அப்புறம் சான்றிதழ்களை இணையத்தில் ஏற்றச் சொன்னார்கள், அப்புறம் சென்னைக்குக் கூப்பிட்டார்கள்.

காட்பாடியில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினோம். மாமாவும் வந்தார். முதல் நாள் இரவே என் சான்றிதழ்களை எல்லாம் பிளாஸ்டிக் உறைகளில் போட்டு ஃபைலில் அடுக்கியிருந்தார். கண் தெரியாவிட்டாலும் விரலால் ஓரம் தடவி நேராக வைத்திருந்தார். உள்ளே என்னை மட்டும்தான் விட்டார்கள். அவர் புளிச்சோற்றுப் பையோடு வெளியே உட்கார்ந்தார்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா ஒவ்வொன்றாகப் புரட்டினார். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, தமிழ்வழிச் சான்று. அடுத்த உறையில் வெறும் வெள்ளை முதுகு தெரிந்தது.

“இதை ஏம்மா திருப்பி வச்சிருக்கீங்க?” என்றார்.

“எங்க மாமா வச்சாரு மேடம்” என்று சொல்லி, தாளை உருவி நேராகப் போட்டேன்.