ஒன்ராறியோவில் எங்கள் வீட்டுக்கே திரும்பி வரப் பட்ட பாடு

வாடகைக்கு விட்ட வீட்டைத் திரும்பப் பெற, வாடகைத் தகராறுகளைத் தீர்க்கும் மாகாண வாரியத்தில் விண்ணப்பம் போட்டோம். ஒரு திகதி பிழையானதால் அது தள்ளுபடியானது. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

வேலை மாறி ஒட்டாவாவுக்குப் போனபோது, ஸ்காபரோ வீட்டை ஒரு சிறு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டோம். மாகாணத்தின் பொது ஒப்பந்தப் படிவம், கடைசி மாத வாடகை முற்பணம், எல்லாம் சுலபமாக முடிந்தது. ஒரு வருட ஒப்பந்தம் முடிந்தால் வீடு கைக்கு வந்துவிடும் என்று இங்கே நிறையப் பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். வராது. ஒப்பந்தம் தானாகவே மாதாமாதம் தொடரும். குடியிருப்பவர்களாக விரும்பிப் போனால் சரி, இல்லாவிட்டால் சட்டம் சொல்லும் காரணம் ஒன்று வேண்டும்.

எங்களிடம் காரணம் இருந்தது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு நாங்களே அங்கே திரும்பிப் போய்க் குடியிருக்க வேண்டியிருந்தது. அதற்கு உரியது என்12 (N12) என்ற அறிவித்தல்; சொந்தத் தேவைக்கு வீடு வேண்டும், இன்ன நாளில் வெளியேறுங்கள் என்று சொல்வது. குறைந்தது 60 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். காசு கொடுத்துப் பிடித்த பாராலீகல் (இப்படியான வழக்குகளைப் பார்க்க உரிமம் பெற்றவர்), எண்ணி 60 நாளைக் கூட்டி, மாத நடுவில் ஒரு திகதியைப் போட்டுவிட்டார். வாடகை 1ஆம் திகதி தொடங்குகிறது என்றால், வெளியேறும் நாள் மாதத்தின் கடைசி நாளாகத்தான் இருக்க வேண்டும். அந்தத் தொழில் செய்கிறவருக்கு இது தெரியாதா? கதவில் ஒட்டிவிட்டால் போதும் என்று வேறு சொன்னார். அதுவும் செல்லாது. நல்லகாலம், தம்பி நேரில் போய்க் கையில் கொடுத்தான்.

பல மாதம் காத்திருந்து, வாரியத்தின் முன் வீடியோவில் விசாரணை. குடியிருந்தவர்கள் பக்கம் பேசிய சட்டத்தரணி முதல் வேலையாகத் திகதியைத்தான் காட்டினார். அதோடு முடிந்தது. அம்மாவின் வைத்தியர் கடிதத்தை யாரும் பார்க்கவே இல்லை. கட்டிய விண்ணப்பக் கட்டணமும் போனது. “புதுசா ஒன்று போடலாம் அக்கா” என்றார் பாராலீகல், மறுபடியும் முழுக் கட்டணம் கேட்டு.

இரண்டாவது முறை நாங்களே செய்தோம். வெளியேறும் நாள் மாதக் கடைசி. ஒரு மாத வாடகையை நட்டஈடாக அந்தத் திகதிக்குள் கொடுத்தே ஆக வேண்டும், பிந்தினால் விண்ணப்பம் விழுந்துவிடலாம். அதனால் வங்கி மூலம் அனுப்பி, அவர்கள் ஏற்றுக்கொண்ட பதிவை எடுத்து வைத்தோம். குறைந்தது ஒரு வருடம் அங்கே குடியிருப்போம் என்ற சத்தியக் கடிதத்தோடு, வெளியேற்றும் உத்தரவு கேட்கும் எல்2 (L2) விண்ணப்பத்தையும் போட்டோம். தபாலில் அறிவித்தல் அனுப்புகிறவர்கள் மேலதிகமாக 5 நாள் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

அப்புறம் நான் அவர்களுக்குப் போன் எடுத்தேன். “அக்கா, பிள்ளைக்கு ஜூன் கடைசியில்தான் பள்ளிக்கூடம் முடியும், நடுவில் எங்கே போவது?” என்றாள் அந்தப் பிள்ளையின் தாய். அவர்கள் சட்டம் தந்த உரிமையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்கள், அதில் எனக்குக் கோபமில்லை. ஜூன் 30இல் வீட்டை விடுவது என்று இரு பக்கமும் ஒப்புக்கொண்டு, அதற்கான என்11 (N11) உடன்படிக்கையில் கையெழுத்து வைத்தோம். அன்றைக்கு ராத்திரிதான் நிம்மதியாகத் தூங்கினேன். அந்தத் திகதியில் அவர்கள் போகாவிட்டால், அந்த உடன்படிக்கையை வைத்து உத்தரவு கேட்கும் எல்3 (L3) விண்ணப்பம் போடலாம், அதற்குப் பெரும்பாலும் விசாரணை தேவைப்படாது. ஆனால் 30 நாளுக்குள் போட வேண்டும். எந்த உத்தரவு கையில் இருந்தாலும் பூட்டை நீங்களே மாற்றாதீர்கள். வெளியேற்றும் அதிகாரம் உத்தரவை நிறைவேற்றும் அதிகாரியான ஷெரிஃபுக்கு மட்டும்தான்.

அவர்கள் சொன்ன நாளில் வீட்டைத் துப்புரவாக்கிச் சாவியைத் தந்தார்கள். முற்பணத்துக்கு நிலுவையிலிருந்த வட்டியைக் கணக்குப் பார்த்துக் கொடுத்தோம், அதுவும் சட்டப்படி கட்டாயம். இப்போது விலை நல்லாயிருக்கிறது, விற்றுவிடுங்கள் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். ஒரு வருடத்துக்குள் விளம்பரம் போட்டாலே பொய்க் காரணம் சொல்லி எழுப்பியதாகக் கொள்ளப்படும், 12 மாத வாடகை வரை கட்ட நேரலாம். நாங்கள் எங்கேயும் போவதாக இல்லை.