பங்காளித் தகராறா பாய்?

திருப்பூரில் நிட்டிங் ஓட்டும் கவுண்டர் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. டிவியில் ஈரான் செய்தி ஓடினால் ஒரே கேள்விதான். “ஏனுங்க பாய், சாமி ஒண்ணு, வேதம் ஒண்ணு. அப்புறம் எதுக்குங்க சுன்னி, ஷியான்னு ரெண்டு? பங்காளித் தகராறா?”

பாதி சரி. ஆனால் அந்தப் பாதி பிற்பாடுதான் வருகிறது.

632இல் மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) காலமானார்கள். ஆண் மக்கள் எல்லாரும் சிறு வயதிலேயே மறைந்திருந்தார்கள். குடும்பத்தார் ஜனாஸா (இறுதிச் சடங்கு) வேலையில் இருக்க, ஸகீஃபா என்ற சாவடியில் மதீனாவாசிகள் கூடி, அடுத்த தலைவர் யார் என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். சேதி தெரிந்து நபியின் தோழர்கள் அபூபக்கரும் உமரும் விரைந்தார்கள். வாக்குவாதத்தின் முடிவில் அபூபக்கர் கலீஃபா, அதாவது நபிக்குப் பின் சமூகத்தின் தலைவர் ஆனார். நபியின் மருமகன் அலி அந்த இடத்திலேயே இல்லை.

அலி மருமகன் மட்டுமல்ல, நபியின் பெரியப்பா மகனும்கூட என்றதும் நண்பர் முழித்தார். “தம்பி முறைக்குப் பொண்ணைக் குடுப்பாங்களா?” எங்கள் மார்க்கத்தில் அது கூடும் என்று விளக்கி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது.

அபூபக்கரும் நபிக்கு மாமனார்தான். ஆனால் நபியின் குலமான குறைஷிகளில் வேறு கிளை. ஆகவே முதல் மனத்தாங்கல் பங்காளிகளுக்குள் வந்ததல்ல. தலைமை நபியின் வீட்டோடு நிற்க வேண்டுமா, ஊர் கூடித் தேர்ந்தெடுக்கலாமா என்பதுதான் கேள்வி. முன்னதைச் சொன்னவர்கள் வழியில் ஷியாக்கள், பின்னதை ஏற்றவர்கள் வழியில் சுன்னிகள். அதே ஆண்டு, கதீர் கும் என்ற இடத்தில் நபி அலியை உயர்த்திப் பேசியதை இரு தரப்புமே மறுப்பதில்லை. ஷியாக்கள் அதை வாரிசு அறிவிப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். சுன்னிகள் அப்படி எடுப்பதில்லை.

பங்காளிகள் வருவது இனிமேல். ஹாஷிமும் அப்து ஷம்ஸும் அண்ணன் தம்பிகள். ஹாஷிம் வழியில் நபியும் அலியும். அப்து ஷம்ஸின் மகன் உமையா வழியில் மூன்றாம் கலீஃபா உஸ்மான், சிரியாவின் ஆளுநர் முஆவியா. 656இல் கலகக்காரர்கள் உஸ்மானை அவர் வீட்டிலேயே கொன்றார்கள். அலி கலீஃபா ஆனார். கொன்றவர்களைத் தண்டிக்காமல் உங்களை ஏற்கமாட்டேன் என்று முஆவியா முறுக்கிக்கொண்டார். 657இல் ஸிஃப்பீனில் போர். 661இல் இராக்கின் கூஃபா பள்ளிவாசலில் அலியை வெட்டியவன் முஆவியாவின் ஆள் அல்ல. அலியின் அணியிலிருந்தே பிரிந்துபோன காரிஜிகளில் ஒருவன்.

அலிக்குப் பிறகு ஆட்சி முஆவியா கைக்கு வந்தது. அவர் தன் மகன் யஸீதுக்குப் பட்டம் கட்டினார். நபியின் பேரனுக்குக்கூடப் பிறப்பால் உரிமை இல்லை என்றிருந்த இடத்தில், ஆளுநர் மகனுக்கு அது வந்துவிட்டது! அந்தப் பேரன், அலியின் மகன் ஹுசைன் பணியவில்லை. 680 அக்டோபர் 10, முஹர்ரம் பத்தாம் நாள், இராக்கின் கர்பலாவில் யஸீதின் படையினர் யூப்ரடீஸ் ஆற்றுத் தண்ணீரையும் மறித்து, கூட இருந்த எழுபது சொச்சம் பேரோடு அவரைக் கொன்றார்கள். அரசியல் மனத்தாங்கல் மார்க்கப் பிரிவாக இறுகியது இங்கேதான் என்பது என் எண்ணம்.

நாங்கள் ராவுத்தர்கள், சுன்னிகள். ஆனாலும் எங்கள் வீட்டில் அலியும் உண்டு, ஹுசைனும் உண்டு, உமரும் உண்டு. யஸீத் என்று பிள்ளைக்குப் பெயர் வைத்தவரை எங்கள் பக்கம் நான் பார்த்ததில்லை.

நண்பருக்கு இதெல்லாம்கூடப் பெரிதாகப் படவில்லை. ஈரானில் ஒரு காலத்தில் சுன்னிகளே அதிகம், 1501இல் ஷா இஸ்மாயில் தப்ரீஸில் முடிசூடி ஷியாவை அரச மார்க்கமாக்கிய பிறகுதான் நாடு மாறியது என்றபோதுதான் டிவி சத்தத்தைக் குறைத்தார்.